படைப் பள்ளியில் படித்த கணக்கும் பெரியாற்று நீரும்

ஆண்டுதோறும் ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல்போக சாகுபடிக்காக முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படும்போது, லோயர் கேம்ப் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாகப் பழனிசெட்டிபட்டி வரை பரந்து கிடக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களில் நாற்றங்கால் வேலை தொடங்குகிறது. மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அந்தத் திட்டத்துக்கான கணக்கையும் வரைபடக் கலையையும் அதன் தலைமைப் பொறியாளர் எங்கே கற்றார் என்று தேடிச் சென்றால், அந்தத் தேடல் லண்டனுக்குத் தெற்கே க்ராய்டன் நகரை ஒட்டியிருந்த ஒரு ராணுவப் பயிற்சிப் பள்ளியில் போய் நிற்கிறது. அந்தப் பள்ளி மூடப்பட்டு நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டபோதிலும், அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் கம்பம் பள்ளத்தாக்கின் பாசன வரலாற்றை முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது.

அடிஸ்கம் என்ற இடத்திலிருந்த ஒரு பழைய மாளிகையை விலைக்கு வாங்கி, 1809-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி தன் சொந்த ராணுவப் பள்ளியைத் தொடங்கியது. அதுவரை பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் வேண்டிய அதிகாரிகளைப் பயிற்றுவிக்கக் கம்பெனி பெரும்பாலும் பிரிட்டிஷ் அரசின் உல்விச் ராணுவக் கழகத்தையே நம்பியிருந்தது. இந்தியாவில் அதன் ஆட்சிப் பரப்பு விரிய விரிய, அங்கே கிடைத்த இடங்கள் போதவில்லை. குதிரைப் படைக்கும் காலாட்படைக்கும் துணிச்சலே முதன்மைத் தகுதியாகக் கருதப்பட்ட காலம் அது. ஆனால் குண்டு எவ்வளவு தொலைவில் விழும், கோட்டைச் சுவர் எவ்வளவு எடையைத் தாங்கும், ஆற்றின் குறுக்கே பாலம் எங்கே நிற்கும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டுச் சொல்லவேண்டிய பீரங்கி அதிகாரிக்கும் பொறியாளருக்கும் முறையான படிப்பு இன்றியமையாததாக இருந்தது.

பதின்ம வயதுச் சிறுவர்கள் அங்கே பயிற்சி மாணவர்களாகச் சேர்க்கப்பட்டனர். கணிதம், கோட்டை அமைப்புக் கலை, நில அளவை, ராணுவ வரைபடம் ஆகியவற்றோடு, இந்தியச் சிப்பாய்களிடம் பேசிப் பழகுவதற்காக இந்துஸ்தானி மொழியும் கற்பிக்கப்பட்டது; பின்னாளில் வேதியியலும் நிலவியலும் சேர்ந்துகொண்டன. படிப்பின் முடிவில் பொதுத்தேர்வு நடைபெறும். அதில் முதல் வரிசையில் தேறியவர்களுக்கே பொறியாளர் படையில் இடம் கிடைத்தது; அடுத்த வரிசையினர் பீரங்கிப் படைக்கும், மற்றவர்கள் காலாட்படைக்கும் அனுப்பப்பட்டனர். இந்தத் தரவரிசை முறையின் விளைவு ஆழமானது: ஒவ்வொரு வகுப்பிலும் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்த சிலர் மட்டும் சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களின் பொறியாளர் படைகளுக்கு வந்துசேர்ந்தனர். 52 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,600 பேர் அந்தப் பள்ளியில் பயின்றனர்.

பொறியாளராகத் தேர்வு பெற்றவர்களுக்கு அத்துடன் படிப்பு முடிந்துவிடவில்லை. அவர்கள் அடுத்து சாட்டம் என்ற ஊரில் 1812-இல் சார்லஸ் பாஸ்லி என்ற அதிகாரியின் முயற்சியால் நிறுவப்பட்ட களப்பொறியியல் பயிற்சி நிலையத்துக்குச் சென்றனர். அகழி வெட்டுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பது, மிதவைப் பாலம் அமைப்பது என ஏட்டில் படித்ததையெல்லாம் மண்ணிலும் நீரிலும் செய்து பார்க்கும் இடம் அது. அதிகாரிகளுக்கு மட்டுமல்லாமல் சாதாரணப் படைவீரர்களுக்கும் எழுத்து, கணக்கு, நடைமுறை வடிவியல் ஆகியவற்றைக் கற்பிக்கவேண்டும் என்று பாஸ்லி வற்புறுத்தியதும், அதற்கான பாடமுறையைத் தாமே வகுத்ததும் அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை. ராணுவத்தின் கையில் இருந்த அறிவு பொதுப்பணிக்கு வந்து சேர்ந்ததற்கு இந்த ஏற்பாடே அடிப்படை என்று கொள்வது தவறாகாது.

தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கறிந்த ஆர்தர் காட்டன் இந்தப் பள்ளியில் பயின்றவர். காவிரி கொள்ளிடமாகப் பிரியும் முக்கொம்பில் 1836-இல் மேலணையைக் கட்டித் தஞ்சைப் பாசனத்தைக் காத்தவரும், பின்னர் தவளேசுவரத்தில் கோதாவரியின் குறுக்கே அணைக்கட்டை எழுப்பியவரும் அவரே. வடக்கே கங்கைக் கால்வாயை வெட்டிய ப்ரோபி காட்லியும் அடிஸ்கம் மாணவர்தான். அவர் பீரங்கிப் படைக்குத் தேர்வானவர். படை நடத்துவதற்காக ஏற்பட்ட ஒரே பள்ளியிலிருந்து இந்திய ஆறுகளின் போக்கையே மாற்றியவர்கள் அடுத்தடுத்து வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய இந்தியாவில் நீர்மட்டம் பார்த்து, மண்ணின் தாங்குதிறனை அறிந்து, ஆயிரக்கணக்கான ஆட்களை ஒழுங்காக வேலை வாங்கத் தெரிந்த பொறியாளர்கள் பெரும்பாலும் ராணுவத்திலேயே இருந்தனர்.

முல்லைப் பெரியாறு திட்டத்தின் தலைமைப் பொறியாளரான ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். அவருடைய தந்தையும் அண்ணனும் 1849-இல் பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலாப் போரில் ஒரே நாளில் உயிரிழந்தனர். போர் தன் குடும்பத்திலிருந்து எடுத்துக்கொண்டதைச் சிறுவயதிலேயே கண்ட அவர், அடிஸ்கம் பள்ளியின் இறுதி ஆண்டுகளில் அங்கே பயின்று, சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1860-இல் இந்தியா வந்தார். மறு ஆண்டே அந்தப் பள்ளி மூடப்பட்டது. ஆட்சி கம்பெனியின் கையிலிருந்து பிரிட்டிஷ் அரசிக்கு மாறியபின் அதற்குத் தனிப்பள்ளி தேவைப்படவில்லை. மாளிகை இடிக்கப்பட்டு, நிலம் வீட்டுமனைகளாக விற்கப்பட்டது. இன்று அங்கே ஹேவ்லாக், அவுட்ரம், கானிங் என்று இந்தியாவில் பணியாற்றியவர்களின் பெயர்களைத் தாங்கிய தெருக்கள் இருக்கின்றன.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பென்னிகுவிக்குக்கு முன்பே தோன்றியது. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதற்கான வழியை ஆராய்ந்தார். 1808-இல் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கால்டுவெல் இடத்தை ஆய்ந்து, அது நடக்காத காரியம் என்று அறிக்கை தந்தார். 1850-இல் தொடங்கிய சிறு முயற்சி ஒன்று, காட்டுக் காய்ச்சலில் ஆட்கள் விழுந்ததால் கைவிடப்பட்டது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். 1882-இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது. திருவிதாங்கூர் அரசுடன் 1886 அக்டோபர் 29 அன்று 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1887-இல் வேலை தொடங்கியது.

ராணுவப் பயிற்சியின் பங்கு வெளிப்படையாகத் தெரியும் இடம் இதுதான். அணை கட்டும் பணியில் சென்னைப் பயனியர் படையின் முதலாம், நான்காம் அணிகளைச் சேர்ந்த வீரர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். பயனியர் என்போர் துப்பாக்கி ஏந்திய காலாட்படையினராக இருந்துகொண்டே, படை முன்னேறும் வழியில் பாதை அமைக்கவும், காடு திருத்தவும், மண் வெட்டவும், பாறை உடைக்கவும் பழக்கப்பட்டவர்கள். கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்கள் மரவேலைகளைச் செய்தனர். அடர்ந்த காட்டின் நடுவே, ஆற்றின் ஓட்டத்தை ஒருபுறம் ஒதுக்கித் தற்காலிகத் தடுப்பணை எழுப்பி, அதற்குள் தண்ணீரை இறைத்து, அடித்தளப் பாறையில் கல்லும் சுண்ணாம்பு சுர்க்கிக் கலவையும் இட்டு நிரப்பவேண்டியிருந்தது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்க்கும் தூள். நீருக்கடியிலும் இறுகும் தன்மையைக் கலவைக்கு அதுவே தருகிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் தடுப்பணை அடித்துச் செல்லப்பட்டது. வெள்ளம் வடிந்ததும் வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. மலேரியா பலரைப் பலிகொண்டது.

அணையைவிடவும் ராணுவக் கல்வியின் முத்திரையை அதிகமாகத் தாங்கியிருப்பது நீரைக் கிழக்கே கொண்டுவரும் சுரங்கம். மலைமுகட்டுக்கு அடியில் ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான தொலைவுக்குப் பாறையைத் துளைத்து, வெடிமருந்து வைத்துத் தகர்த்து, நீர் தானாக ஓடும் அளவுக்குச் சரிவு பிசகாமல் அது குடையப்பட்டது. பகைவரின் கோட்டைச் சுவரைத் தகர்ப்பதற்காகச் சாட்டம் போன்ற பயிற்சி நிலையங்களில் கற்பிக்கப்பட்ட கலைக்கு இதைவிட நல்ல பயன் கிடைத்திருக்க முடியாது. ஆழமான அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் 1,200 அடி நீளமும் கொண்ட அணை நிறைவுபெற்று, 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் அதனைத் திறந்துவைத்தார். சுரங்கத்திலிருந்து வெளிவந்த நீர் வைரவனாற்றில் இறங்கி, முல்லையாறாகப் பள்ளத்தாக்கைக் கடந்து, வைகையில் கலந்து மதுரை வரை சென்றது. மறு ஆண்டு பென்னிகுவிக், இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களை உருவாக்குவதற்காக இங்கிலாந்தில் 1871-இல் ஏற்பட்ட கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவரானார். ஒரு பயிற்சிப் பள்ளியின் மாணவர் இன்னொரு பயிற்சிப் பள்ளியின் தலைமைக்கு வந்தது, களத்தில் பெற்ற அறிவு மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பியதாகும்.

அதிகாரிகள் இங்கிலாந்தில் கற்றனர் என்றால், தென்னிந்திய வீரர்கள் கற்ற இடம் பெங்களூரு. 1780 செப்டம்பரில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனியர் அணிகளாகத் தொடங்கப்பட்டு, 1831-இல் சென்னைச் சாப்பர்கள், மைனர்கள் படை என்று பெயர்பெற்ற பிரிவு, 1834 முதல் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டது. சாப்பர் என்போர் பகைவரின் அரணை நெருங்க அகழி வெட்டுபவர். மைனர் என்போர் சுரங்கம் வைப்பவர். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் இளைஞர்கள் சேர்ந்த இந்தப் படையினரை ராணுவத்தில் 'தம்பிகள்' என்றே அழைப்பது வழக்கம். முள்கம்பி வேலிகளைத் தகர்க்க நீண்ட குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்துத் தள்ளும் 'பெங்களூர் டார்பிடோ' என்ற கருவியை 1912-இல் இந்தப் படையின் கேப்டன் மெக்லின்டாக் உருவாக்கினார். இரு உலகப் போர்களிலும் அது பயன்பட்டது. இதே படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

அல்சூர் ஏரிக்கரையை ஒட்டிய அந்த மையம் இன்று சென்னைப் பொறியாளர் குழுமம் என்ற பெயரில் இயங்குகிறது. புதிதாகச் சேரும் இளைஞருக்கு முதலில் அணிவகுப்பும் ஆயுதப் பயிற்சியும், அடுத்துப் பாலம், பாதை, கண்ணிவெடி, குடிநீர் வழங்கல் ஆகிய களப்பொறியியலும், அதன்பின் தச்சு, கொத்து, குழாய்ப்பணி, மண்வாரி இயந்திரம் ஓட்டுதல் போன்ற தொழில்களில் ஏதேனும் ஒன்றும் கற்பிக்கப்படுகின்றன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது இந்தப் பயிற்சியின் பயனை நாடே கண்டது. மேஜர் சீதா ஷெல்கேயின் பொறுப்பில் இந்தக் குழுமத்தினர் சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்து, 190 அடி நீளப் பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தனர். பெய்லி பாலம் என்பது 10 அடி நீள இரும்புச் சட்டங்களை ஊசிபோன்ற முளைகளால் ஒன்றோடொன்று கோத்து, பற்றவைப்பு எதுவுமின்றி அமைக்கப்படுவது. ஒரு சட்டத்தை ஆறு பேர் தோளில் தூக்கிவிடலாம் என்பதால், பளுதூக்கி இயந்திரம் செல்ல முடியாத இடத்திலும் அதைக் கட்ட முடிகிறது.

தேனி மாவட்ட இளைஞர்கள் ராணுவத்தில் சேர்வதற்கான பணிகளைக் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம் கவனிக்கிறது. ஆள்சேர்ப்பு முகாமுக்காக ஓட்டத்தையும் உடற்பயிற்சியையும் பழகும் இளைஞர்கள், பொறியாளர் படையில் தங்களுக்கு ஒரு கைத்தொழிலும் கற்றுத்தரப்படும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தேனி பேருந்து நிலையம் பென்னிகுவிக்கின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. இந்த நன்றி முற்றிலும் தகுந்ததே. ஆயினும் அவர் வரைந்ததைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் நிறைவேற்றி, அந்தக் காட்டிலேயே காய்ச்சலுக்கு இரையான பயனியர் வீரர்களும் கூலித் தொழிலாளர்களும் இதே நன்றிக்கு உரியவர்கள். அவர்களுடைய பணியை விளக்கும் ஒரு காட்சிக்கூடத்தை அந்த மணிமண்டப வளாகத்திலேயே தமிழக அரசு அமைக்க வேண்டும். பள்ளத்தாக்கின் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் அதைப் பார்க்க அழைத்துச் செல்லப்பட வேண்டும்.