தைராய்டு கொஞ்சம் மிகுந்தால்

என் அத்தைக்கு வயது 71. முழு உடல் பரிசோதனை முடிந்து வந்த ரிப்போர்ட்டில் தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 இரண்டும் சரியாக இருந்தன. டி.எஸ்.எச். மட்டும் 0.08. இருக்கவேண்டிய அளவு 0.4 முதல் 4 வரை என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. டி.எஸ்.எச். குறைவு என்றால் தைராய்டு குறைவு என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். பத்து வருடமாகக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவரும் தைராய்டு மாத்திரையை இன்னும் கூட்டலாமா என்று அத்தை என்னிடம் கேட்டார். கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பதறுகிறது. அவர் அளவைக் குறைக்கவேண்டியவர்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதல்ல. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்சை அதிகமாக அனுப்பித் தைராய்டை முடுக்கும். மிகுந்தால் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அந்த எண் இறங்கியிருக்கிறது என்றால், ஹார்மோன் தேவைக்கு மேல் இருப்பதாகப் பிட்யூட்டரி கருதுகிறது என்றே பெரும்பாலும் பொருள். ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கூடுதலா குறைவா என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழகவேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

அப்படியானால் டி4 எப்படிச் சரியாக இருந்தது? ரிப்போர்ட்டில் அச்சிட்டிருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான அளவு. டென்மார்க்கில் ஆரோக்கியமான 16 ஆண்களிடம் மாதந்தோறும் ஓராண்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளியானது. ஒவ்வொருவருடைய அளவும் தனக்கென்று ஒரு குறுகிய எல்லைக்குள்ளேயே ஏறி இறங்கியது. அந்தச் சொந்த எல்லை, பொது அளவின் அகலத்தில் ஏறக்குறையப் பாதிதான். ஆக, பொது அளவுக்குள் இருக்கும் ஒரு டி4 உங்கள் உடலுக்கு மிகையாக இருக்க முடியும். பிட்யூட்டரி அதை நுட்பமாகக் கண்டுகொள்கிறது: டி4 இரு மடங்கு மாறினால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு மாறிவிடும். டி3, டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் இறங்கியிருக்கும் இந்த நிலையை மருத்துவர்கள் ‘சப்கிளினிக்கல் ஹைப்பர்தைராய்டிசம்’ என்கிறார்கள். 1980களில் நுண்ணிய சோதனைகள் வந்த பிறகே இதைத் தெளிவாகப் பிடிக்க முடிந்தது. அதற்கு முந்தைய சோதனைகளால் சாதாரண டி.எஸ்.எச்சையும் குறைந்ததையும் பிரித்தறிய இயலவில்லை.

பலருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சிலருக்குப் படபடப்பு, லேசான கைநடுக்கம், தூக்கக் குறைவு, காரணமில்லாத எடை இறக்கம். அத்தைக்கும் படபடப்பு இருந்தது. மாடிப்படி ஏறுவதால் என்று விட்டுவிட்டோம்.

காரணங்களில் மிகச் சாதாரணமானது அத்தையுடையதுதான்: தைராய்டு குறைவுக்குப் போடும் மாத்திரையின் அளவு கூடிப்போவது. வயதாகி எடை குறையும்போது தேவையும் குறைகிறது. மாத்திரை மட்டும் பழைய சீட்டுப்படியே தொடர்கிறது. இன்னொன்று, உண்மையில் நோயே இல்லாத நிலை. முடி உதிர்வுக்கென்று பலரும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச்சைப் பொய்யாகக் குறைத்தும் டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்தவேண்டும். சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் டி.எஸ்.எச். இயல்பாகவே இறங்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தைராய்டு அழற்சியிலும் சில வாரங்கள் இறங்கியிருந்து, பிறகு தானே மீளலாம்.

உண்மையாகவே சுரப்பி மிகையாக வேலை செய்வதற்கு இரண்டு முக்கியக் காரணங்கள். ஒன்று, நோய் எதிர்ப்பாற்றல் தடம்மாறித் தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய். டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விவரித்தது. மற்றொன்று, பிட்யூட்டரியின் சொல்லைக் கேளாமல் தன்னிச்சையாகச் சுரக்கும் கட்டிகள். இந்தக் கட்டிகளின் குணத்தை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவு உலகுக்குக் காட்டியது. அயோடின் பற்றாக்குறையால் அங்கே கழுத்துக் கழலை மலிந்திருந்தது. 1966இல் ரொட்டியில் அயோடின் சேர்த்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் மிகை தைராய்டு நோயாளிகள் கூடினார்கள், அவர்களில் பெரும்பாலோர் கட்டிகளோடு இருந்த முதியவர்கள். பல காலம் அயோடின் கிடைக்காமல் அடங்கியிருந்த கட்டிகள், அது கிடைத்ததும் ஹார்மோனைக் கொட்டின. இதற்காக அயோடின் உப்பை ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுச் சமையலில் சேரும் அளவு நமக்குத் தேவையானது. கவனிக்கவேண்டியது பேரளவு அயோடினை: சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் சில சாய மருந்துகள், கடற்பாசி மாத்திரைகள், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன். இந்தக் கடைசி மருந்தின் 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. நம் அன்றாடத் தேவை 150 மைக்ரோகிராம், அதாவது இதில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதற்காக இதய மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

தொந்தரவே இல்லையென்றால் இதை ஏன் பொருட்படுத்தவேண்டும்? இதயத்துக்காக. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாமில் 60 வயதைக் கடந்த இரண்டாயிரம் பேரைப் பத்து ஆண்டுகள் கவனித்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். டி.எஸ்.எச். 0.1 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களில் 100க்கு 28 பேருக்கு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ வந்தது. டி.எஸ்.எச். சரியாக இருந்தவர்களில் 100க்கு 11 பேர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நிலை அது. அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதோடு எலும்புத் தேய்மானமும் சேர்கிறது.

எனவே வயதையும் எண்ணையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 0.1க்கும் 0.4க்கும் இடையில், இளவயது, தொந்தரவும் இல்லை என்றால் பொதுவாக மருந்து வேண்டாம். சில மாதங்கள் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்தால் போதும். பலருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. வயது 65ஐத் தாண்டி, டி.எஸ்.எச். தொடர்ந்து 0.1க்குக் கீழேயே நின்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கார்பிமசோல் மாத்திரை சுரப்பைக் குறைக்கும். ஆனால் அதைச் சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே இரத்த அணுக்களைச் சோதிக்கவேண்டும். அரிதாக வெள்ளணுக்கள் அடியோடு குறைந்துவிடும். இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் எழுதித் தரும் சீட்டு முழுமையான சீட்டு அல்ல. கட்டிகளுக்குக் கதிரியக்க அயோடின் உதவும். பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் 1941இல் தொடங்கிவைத்த முறை அது. தைராய்டு மட்டுமே அயோடினை ஆவலோடு இழுத்துக்கொள்வதால், மருந்து தானே இலக்கைத் தேடிப் போகிறது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

அத்தைக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. 100 மைக்ரோகிராம் மாத்திரையை மருத்துவர் 75 ஆக்கினார். டி4 இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், ஆறு வாரம் பொறுத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். டி.எஸ்.எச். 1.2க்கு வந்திருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை ஒரு நிமிடம் முழுக்க எண்ணவும் கற்றுக்கொடுத்தார். எண்ணிக்கையைவிடத் தாளம்தான் முக்கியம். துடிப்பு இஷ்டத்துக்கு விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கே இ.சி.ஜி. எடுக்கவேண்டும். அத்தை இப்போது காலை மாத்திரை போட்டதும் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறார்.