கடைக்கு வேண்டிய கையெழுத்து

கம்ப்யூட்டர் பில் வந்த பிறகு கையெழுத்து எதற்கு என்று நம் வணிகர்களில் சிலர் கேட்கிறார்கள். குடோனுக்குப் போகும் துண்டுச்சீட்டு, மூட்டை மேல் போடும் குறி, கடன் நோட்டு, வங்கிக்குப் போகும் காசோலை இவையெல்லாம் பல கடைகளில் இன்றும் கையால்தான் எழுதப்படுகின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கும், எழுதும் பழக்கம் விட்டுப்போன முதலாளிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். எழுத்து முத்துமுத்தாக இருக்க வேண்டியதில்லை. சரக்கு எடுப்பவர் திரும்பி வந்து கேட்காமல் படிக்க முடிந்தால் போதும்.

பள்ளியில் 'அ'வில் தொடங்குவார்கள். கடைக்கு எண்தான் முதல். 1-இன் தலைக்கொக்கி நீண்டால் 7 ஆகிவிடும். 0-வின் தொடக்கம் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் 6. அரை என்பதை 1/2 என்று எழுதுவது இன்னும் ஆபத்து: நடுக்கோடு மங்கினால் 12, நிமிர்ந்தால் 112! 'அரை' என்று எழுத்திலேயே எழுதிவிடலாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், கட்டத்துக்கு ஓர் எண் வீதம் தினமும் ஒரு பக்கம் எழுதினால் எண்கள் ஒரே அளவுக்கு வரும்; ஒன்றின் கீழ் ஒன்று நேராக நிற்கும். கூட்டலில் வரும் தகராறில் பாதி அங்கேயே தீரும்.

அடுத்தது 'கி'. கிலோவுக்கும் 'கி', கிராமுக்கும் 'கி'. சில்லறைக் கடையில் 'ஏலக்காய் 50 கி' என்றால் யாருக்கும் புரியும். அதே சீட்டு மொத்தக் கடைக்குப் போனால்? 'கிலோ', 'கிராம்' என்று முழுதாக எழுத இரண்டு வினாடி கூட ஆகாது.

எழுத்துகளில் ன, ண இரண்டுக்கும் சுழி எண்ணிக்கை குறையக் கூடாது. 'ர'வின் கீழே சாய்கோடு இழுக்காவிட்டால் அது துணைக்காலாகத்தான் தெரியும். பேனாவைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, நடுவிரலில் சாய்த்து, முனையிலிருந்து சுமார் ஓர் அங்குலம் விட்டு எழுதப் பழக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கைதான் வலிக்கும். நின்றபடி உள்ளங்கையில் வைத்து எழுதும் சீட்டு கோணாமல் என்ன செய்யும்? ஒரு பரீட்சை அட்டை வாங்கிக் கொடுங்கள்.

காசோலையில்தான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையொப்பம் போடுவது பழைய வழக்கம். காசோலையின் படத்தை வைத்தே பணம் தீர்க்கும் முறையில், 2010 டிசம்பர் 1 முதல் அந்தத் திருத்தம் செல்லாது; வேறு காசோலைதான் எழுத வேண்டும். சென்னைக்கு இம்முறை 2011-இல் வந்தது. எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால், 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி எழுத்தால் எழுதியதே தொகை. நடைமுறையிலோ வங்கி அதைத் திருப்பி அனுப்புவதே அதிகம். சரக்கு அனுப்பியவருக்குப் பணம் தாமதம், நமக்குக் கெட்ட பெயர்.

ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குத் தயங்குபவர்கள் தமிழிலேயே காசோலை எழுதலாம். ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அதற்கு முன் தம்பியை ஒன்று முதல் ஆயிரம் வரையுள்ள எண்களில் சிலவற்றை எழுத்தால் எழுதச் சொல்லிப் பாருங்கள். தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் பேனா நிற்கும்.