உங்களுக்குத் தெரியுமா? கோட்டையூரும் ஜப்பான் படங்களும்

ஜப்பானின் கியோட்டோ நகருக்குப் போகிறவர்கள் கோயில்களைப் பார்த்த கையோடு மாங்கா அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வர வேண்டும். மாங்கா என்றால் ஜப்பானியச் சித்திரக்கதை. மூடிப்போன ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் 2006-ல் இதைத் திறந்தார்கள். சேகரிப்பில் சுமார் 3 லட்சம் உருப்படிகள் உள்ளன. அவற்றில் 50,000 புத்தகங்கள் சுவர் நெடுகத் திறந்த அலமாரிகளில் இருக்கின்றன. யாரும் எடுத்துப் படிக்கலாம். வெளியே புல்தரையில் படுத்துக்கொண்டும் படிக்கலாம். பார்க்க மட்டுமல்ல, படிக்கவும் விடும் அருங்காட்சியகம் என்பதுதான் இதன் பெருமை.

★ மாங்காவை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கம், அவர்களுக்கு முதல் பக்கம்.

★ ஓவியர் ஹொகுசாய் ‘மாங்கா’ என்ற பெயரில் தம் கோட்டோவியத் தொகுப்பின் முதல் பாகத்தை வெளியிட்டது 1814-ல். மொத்தம் 15 பாகங்கள். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் கடைசிப் பாகம் வந்தது.

★ 1930-களில் ஜப்பானியத் தெருக்களில் சைக்கிளில் வந்து, பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வார்கள். ‘கமிஷிபாய்’ என்று பெயர். கதை கேட்கக் காசு கிடையாது. மிட்டாய் விற்றுத்தான் பிழைப்பு. நம் ஊர்த் திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்காரர் வந்ததைப் போல. பின்னாளில் புகழ்பெற்ற மாங்கா ஓவியர்கள் சிலர் இந்த அட்டைகளை வரைந்துதான் கை பழகினார்கள்.

★ ‘மாங்காவின் கடவுள்’ என்று ஜப்பானியர் கொண்டாடும் ஒசாமு தெசுகா, நம் நாட்டுப் புத்தரின் கதையை 1972 முதல் 1983 வரை தொடராக வரைந்தார். அதே 1972-ல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழ்ச் சிறுவர்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த மாயாவி பிரிட்டனிலிருந்து வந்தவர். நம் பிள்ளைகளுக்கு மேற்கின் சித்திரக்கதை கிடைத்த அளவுக்குக் கிழக்கின் சித்திரக்கதை கிடைக்காமல் போனது இழப்புதான்.

★ ஆனால் படக்கலை தேடி ஜப்பான் போன தமிழர் ஒருவர், காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் பிறந்தவர். ஏ.கே. செட்டியார் 1930-களின் நடுவில் டோக்கியோ சென்று புகைப்படக்கலை பயின்றார். பிறகு நியூயார்க்கிலும் அதையே படித்தார். அந்தப் படிப்பைக் கொண்டு அவர் செய்த காரியம் சாதாரணமானதல்ல. காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, ஓர் ஆவணப்படத்தை உருவாக்கி 1940-ல் வெளியிட்டார். ஜப்பானைப் பற்றித் தமிழில் நூலும் எழுதினார். பயண இலக்கியத்தின் முன்னோடி என்று அவரைச் சொல்கிறோம். கோட்டையூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

★ ஜப்பான் படங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்குள் எப்போதோ குடியேறிவிட்டன. தரையில் இருப்பது நம் ஆத்தங்குடிப் பூக்கல். சுவரின் கீழ்ப்பகுதியில் பளபளக்கும் புடைப்புப் பூ ஓடுகளில் பல ஜப்பானில் செய்தவை. 1920, 30-களில் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தவை. பெயர்ந்து கிடக்கும் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனிப் பெயரோடு ‘மேட் இன் ஜப்பான்’ என்ற பொறிப்பு இருக்கலாம். இந்தியச் சந்தைக்காகவே கண்ணன், லட்சுமி, சரஸ்வதி உருவங்களையும் ஓட்டில் வார்த்து அனுப்பினார்கள். அவற்றுக்கு மாதிரி ரவிவர்மா பாணி அச்சுப் படங்கள். இந்த வகை ஓடுகளைப் போற்றி, டோகோனாமே நகரில் உள்ள ஓட்டு அருங்காட்சியகத்தில் 2018-ல் தனிக் கண்காட்சியே நடத்தினார்கள். இங்கேயோ, இடிக்கும் வீடுகளோடு அவையும் உடைகின்றன.

★ கியோட்டோவில் மாங்கா அருங்காட்சியகம் செய்த சேகரிப்பு வேலையை, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் செய்தார். ரோஜா முத்தையா, சென்னையில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் கோட்டையூர் வீட்டில் சேர்த்து வைத்தார். சேர்ந்தவை சுமார் 1 லட்சம் உருப்படிகள். 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது.



உங்கள் வீட்டு மச்சிலோ பழைய மரப்பெட்டியிலோ காமிக்ஸ், சிறுவர் இதழ், பஞ்சாங்க அட்டை, காலண்டர் படம் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரித்துத் தூசி தட்டி, ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள்.