புகையிலையைக் கைவிட்ட ஜார்ஜ் வாஷிங்டன்

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனைப் படைத்தலைவர் என்றே பலரும் அறிவர். அவருக்கு மிகவும் உகந்த தொழில் உழவுதான்.

வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரையிலுள்ள மவுண்ட் வெர்னான் பண்ணையை அவர் 1754-ல் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அது அவருக்கே சொந்தமாயிற்று. அப்பகுதியில் அப்போது புகையிலைதான் பணப்பயிர். விளைந்ததைக் கப்பலேற்றி லண்டன் வியாபாரிக்கு அனுப்ப வேண்டும். புகையிலைக்கு அவர் வைத்ததே விலை. அங்கிருந்து வரும் துணிமணிக்கும் கருவிகளுக்கும் அவர் போட்டதே கணக்கு. சில ஆண்டுகளில் வாஷிங்டன் கடனாளியானார். நிலமும் சத்திழந்து வந்தது. 1766 வாக்கில் அப்பண்ணையில் புகையிலையை நிறுத்திவிட்டுக் கோதுமைக்கு மாறினார். கோதுமையை உள்ளூரிலேயே விற்கலாம். சொந்த ஆலையில் மாவாக்கியும் விற்கலாம்.

மண்ணைத் தேற்றும் முயற்சியை அவர் அதற்கு முன்பே தொடங்கியிருந்தார். 1760 ஏப்ரலில் பத்து அறைகள் கொண்ட பெட்டி ஒன்றைச் செய்தார். ஓர் அறையில் வயல் மண் மட்டும். மற்றவற்றில் அதே மண்ணுடன் குதிரைச் சாணம், மாட்டுச் சாணம், ஆட்டு எரு, ஓடை வண்டல், மணல் என ஒவ்வொன்றாகக் கலந்தார். ஒவ்வோர் அறையிலும் கோதுமை, ஓட்ஸ், பார்லி ஆகியவற்றில் மும்மூன்று விதைகளை ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் ஊன்றி, முளைப்பை நாட்குறிப்பில் எழுதினார். எருவிடாத அறையையும் ஒப்பிட வைத்தாரே, இன்றைய வயல் ஆய்வுகளும் அப்படித்தான் நடக்கின்றன. 1787-ல் எருவைச் சேர்த்து மக்க வைப்பதற்கென்றே கூழாங்கல் தளமிட்ட கொட்டகை கட்டினார். பயிர்ச் சுழற்சியும் பசுந்தாள் உரமும் அவர் பண்ணையில் இடம் பெற்றன.

1789 முதல் 1797 வரை ஜனாதிபதியாக இருந்தபோதும் பண்ணையிலிருந்து வாரந்தோறும் அறிக்கை வரவேண்டும். வேளாண்மைக்கென ஒரு வாரியம் அமைக்கும்படி 1796-ல் காங்கிரசைக் கேட்டார், அது நிறைவேறவில்லை. லிங்கன் காலத்தில், 1862-ல்தான் அந்நாட்டில் வேளாண்மைத் துறை உருவாயிற்று.

இவ்வளவு வேலையையும் செய்த கைகள் யாருடையவை? அவர் இறந்த ஆண்டில் மவுண்ட் வெர்னானில் முந்நூறுக்கு மேற்பட்ட கறுப்பின அடிமைகள் இருந்தனர். தமக்கு உரிமையானவர்களை விடுவிக்க உயிலில் எழுதினார். மனைவியின் முதல் கணவர் சொத்தைச் சேர்ந்தவர்களுக்கு அந்த விடுதலை கிட்டவில்லை. கூலியின்றி உழைத்த அவர்களை விட்டுவிட்டு இப்பண்ணையின் கணக்கை எழுத முடியாது.

1799 டிசம்பர் 12 அன்று மழையிலும் பனியிலும் குதிரையேறிப் பண்ணைகளைச் சுற்றி வந்தார். ஈர உடையுடனே உணவருந்த அமர்ந்தார். தொண்டை நோய் கண்டு 14-ந் தேதி காலமானார். எந்த வயலில் எந்தப் பயிர் என்று 1800-ம் ஆண்டுக்கான திட்டத்தை அதற்கு நான்கு நாள் முன்புதான் எழுதி முடித்திருந்தார்.