காலிக் கோட்டையில் கால்நடையாக

பொருளை அறிதற்கு அளவை நூலார் காண்டல், கருதல், உரை என மூன்று வழிகளைக் கூறுவர். நம் பாடசாலைகளில் வரலாறு கற்பிக்கப்படும் முறையை நோக்கின், அம்மூன்றனுள் உரை ஒன்றே எஞ்சி நிற்கக் காணலாம். நூலில் உள்ளதை ஆசிரியர் சொல்ல, மாணாக்கர் எழுதிக்கொள்கின்றனர். ஏனைய இரண்டும் வாய்க்கவேண்டின் காலால் நடத்தல் வேண்டும். அண்மையில் தென்னிலங்கைப் பயணத்தின்போது, மாணாக்கர் பன்னிருவருடன் காலிக் கோட்டையை ஒரு வழிகாட்டியின் துணைகொண்டு காலைப்பொழுது முழுவதும் நடந்து கண்டேன்.

வழிகாட்டி கோட்டைக்குள்ளே பிறந்து வளர்ந்த சோனக இளைஞர். எம்மைப் பழைய வாயிலுக்கு அழைத்துச் சென்றார். அதன் வெளிமுகத்தில் பிரித்தானிய முடியரசின் இலச்சினை உள்ளது. உள்முகத்திலோ, இரு சிங்கங்கள் தாங்கச் சேவலொன்று மேலே நிற்க, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலச்சினையும் 1669 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. “ஒரு வாயிலுக்கு இரண்டு முகம் ஏன்?” என வினவிவிட்டு அவர் வாளா நின்றார். “பின்னால் வந்தவர்கள் தங்கள் முத்திரையை வெளியே வைத்தார்கள்” என்றான் ஒரு மாணவன். போர்த்துக்கேயரிடமிருந்து 1640 இல் ஒல்லாந்தரும், ஒல்லாந்தரிடமிருந்து 1796 இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைக்கொண்ட செய்தியை அவன் முன்பே மனனஞ் செய்திருந்தான். அன்று அதனைக் கல்லிலிருந்து தானே கருதி அறிந்தான்.

தரைப்பக்கத்துக் கொத்தளங்கள் மூன்றும் ஞாயிறு, திங்கள், விண்மீன் என்னும் பெயரின. அம்மதில்மேல் நின்று 2004 டிசெம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலையைப் பற்றிக் கேட்டோம். புறத்தே இருந்த பேருந்து நிலையத்தையும் துடுப்பாட்டத் திடலையும் கடல் வாரிக்கொள்ள, மதிலகத்து வீடுகள் பெரும்பாலும் பிழைத்தன. பகைவரைத் தடுக்க எழுப்பிய மதில் கடலையும் தடுத்தது. நிலத்தின்கீழே ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்கள் கடல்நீரால் கழுவப்பட்டமையை அவர் விளக்கியபோது மாணாக்கர் வியந்தனர். ‘லேன்பான்’ என்னும் தெருப்பெயர் கயிறு திரிக்கும் இடத்தைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல் என்றறிந்தபோது யான் மகிழ்ந்தேன். கயிறு போயிற்று; கப்பல்களும் கொழும்புக்குப் போயின; சொல் மட்டும் தெருவைக் காத்து நிற்கின்றது.

கலங்கரை விளக்கத்தின் எதிரே, புறத்தோற்றத்தால் கிறித்தவ ஆலயமோ என மயங்கவைக்கும் பள்ளிவாசலைக் கண்டபின், ஒரு வீட்டின் முன்னே அவர் நின்றார். அதுவரை பொதுவாகப் பேசியவர், என்னை நோக்கித் தாழ்ந்த குரலில், “ஐயா, நான் பிறந்த வீடு இது. வாப்பா காலமானபின் விற்கவேண்டியதாயிற்று. இப்பொழுது விடுதி. வாசலில் நின்று பிறருக்குக் காட்டுகிறேன்” என்றார். 1988 இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட கோட்டையில், கற்களைக் காத்தற்கு விதிகள் உள. அக்கற்களினிடையே பிறந்து வளர்ந்தோரை அங்கேயே இருத்தும் விதி யாது?

நடை முடிவில், காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்லைப்பற்றி மாணாக்கருக்குக் கூற யான் விடைபெற்றேன். சீனப் பேரரசர் யொங்லேயின் ஆணையால் 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்று, கடற்றலைவர் செங் ஹோவின் பயணத்தோடு இத்தீவுக்கு வந்த கல் அது. சீனப்பகுதி புத்தபெருமானையும், தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி அல்லாஹ்வையும் முன்னிட்டுக் காணிக்கைகளை உரைக்கின்றன. மூவர்க்கும் உரிய காணிக்கைகள் ஏறத்தாழ ஒத்தன. மூன்று மொழிகளும் ஒரே கல்லில் நிற்கின்றன. ஆயினும் 1911 இல் அது அகப்பட்டபோது, நீரோடும் மதகின் மூடுகல்லாகக் கிடந்தது! இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

வழிகாட்டி அதனைக் கூர்ந்து கேட்டார். “எங்கள் வீட்டுமொழியும் தமிழ்தானே, ஐயா, இனி வருவோருக்கு இதனையுஞ் சொல்வேன்” என்றார். அவர் எமக்களித்த உரைக்கு ஈடாக யாம் அவர்க்களித்தது அவ்வளவே.

மும்மொழியும் எழுதப்பட்ட கல்லைப் பொருளறியாதோர் மதகுக்கு மூடியாக்கினர். பொருளுரைப்போர் அகன்றபின் நகரங்களுக்கும் அந்நிலையே நேரும். எனவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. மாணாக்கரைப் பழைய நகரங்களுக்கு அழைத்துச் செல்லும்போது, வண்டியிலிருந்து காட்டி மீளாது இறங்கி நடத்துங்கள். அவ்வூரிலே பிறந்த ஒருவரைத் துணைக்கொள்ளுங்கள். “இது நான் பிறந்த வீடு” என்று சொல்லவல்லவர் அங்கே இருக்கும்போதே செல்லுங்கள்.