சிவப்பு மஞ்சளாகும் இரண்டு மணி நேரம்

மருந்தும் நுண்ணுயிரும் – 11

ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் சிகிச்சையாகச் செலுத்தப்பட்டது 1941 பிப்ரவரியில். அதற்கு முன்பே, 1940 டிசம்பரில், அங்கே இருந்த எட்வர்ட் ஆப்ரஹாமும் எர்ன்ஸ்ட் செயினும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதிவிட்டார்கள். பெனிசிலினைச் சிதைக்கும் என்சைம் ஒன்று பாக்டீரியாவிடம் இருக்கிறது என்பதுதான் செய்தி. மருந்து புழக்கத்துக்கு வருமுன்பே அதை முறிக்கும் வித்தை பாக்டீரியாவின் கைவசம் இருந்தது.

இந்த வகை என்சைம்களுக்கு பீட்டா லாக்டமேஸ் என்று பெயர். பெனிசிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம் என மூன்று குடும்பத்து மருந்துகளிலும் நான்கு அணுக்களாலான ஒரு வளையம் உண்டு. மருந்தின் உயிர்நாடி அது. என்சைம் அந்த வளையத்தில் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்து அறுத்துவிடும். அறுந்த இடத்தில் அமிலத்தன்மை பிறக்கும். பாக்டீரியா தன்னைக் காட்டிக்கொடுப்பது இங்கேதான்.

இந்த என்சைமைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஏன் பாடுபட வேண்டும்? இன்று மருத்துவமனைகளில் நடப்பதைப் பார்த்தால் புரியும். ரத்தத்தில் கிருமி கலந்த நோயாளியிடம் ரத்தம் எடுத்து கல்ச்சர் பாட்டிலில் விடுகிறார்கள். ஒரு வகைப் பாட்டிலின் அடியில் நீலப்பச்சையில் ஒரு வட்டம் இருக்கும். உள்ளே பாக்டீரியா பெருகி கரியமில வாயுவை வெளிவிட்டால் அந்த வட்டம் மஞ்சளாகும். அதுவும் ஒரு வேதி உணரிதான், பல ஆண்டுகளாகவே புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ‘கிருமி இருக்கிறது’ என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று அறிய, கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்ந்த வில்லைகளை மேலே வைத்து, மறுநாள் அவற்றைச் சுற்றி வளர்ச்சியில்லாத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு, மூன்று நாள்.

அதுவரை டாக்டர் ஊகத்தில்தான் மருந்து தருகிறார். ஆனந்த் குமார் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், செப்டிக் ஷாக் நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் சரிந்தபின் சரியான ஆன்டிபயாடிக் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்திருந்தது. இந்தக் கணக்கைப் படித்த பிறகு ‘ரிப்போர்ட் நாளை மறுநாள் வரும்’ என்ற பேச்சை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

2012-இல் பிரான்சில் பத்ரீஸ் நோர்ட்மன், லோரான் புவாரெல், லோரான் டோர்டே ஆகியோர், மருந்தின் வளையம் அறும்போது பிறக்கும் அந்த அமிலத்தையே பிடித்துக்கொண்டார்கள். ‘கார்பா என்.பி.’ என்ற அவர்களுடைய சோதனை எளிமையானது. தட்டில் வளர்ந்த பாக்டீரியாவைக் கொஞ்சம் வழித்தெடுத்து உடைத்து, அந்தச் சாற்றை இரண்டு குழிகளில் விடுகிறார்கள். இரண்டிலும் ஃபீனால் ரெட் என்ற சாயம். ஒன்றில் மட்டும் இமிபெனெம் என்ற கார்பபெனெம் மருந்து. 37 டிகிரியில் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். மருந்துள்ள குழி மட்டும் சிவப்பிலிருந்து மஞ்சளானால், மருந்தை உடைக்கும் என்சைம் இருக்கிறது என்று பொருள். ஆரத்தித் தட்டின் சிவப்பு நீரில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகத் திரும்புமே, அதே வேதியியல், அதே நிறங்கள்.

கரைசலில் ஒரு சிட்டிகை துத்தநாக சல்பேட்டும் உண்டு. அதற்குக் காரணம் நம் ஊரோடு தொடர்புடையது. துத்தநாகம் இல்லாமல் இயங்காத என்சைம்களில் ஒன்று என்.டி.எம்.-1. 2008-இல் ஸ்வீடனில், அதற்குமுன் டெல்லியில் மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளியிடம் அது முதலில் பிடிபட்டது. 2010-இல் ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்.-1 உள்ள கிருமிகள் சென்னை மாதிரிகளில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். என்சைமுக்கு டெல்லியின் பெயரை (என்.டி. என்றால் நியூ டெல்லி) வைக்கலாமா என்ற சர்ச்சை பெரிதாக வெடித்தது. அந்தச் சத்தத்தில், நம் வார்டுகளில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது என்ற செய்தி அமுங்கிப்போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கார்பா என்.பி.க்கு ஒரு பெரிய குறை உண்டு. ஆக்சா-48 வகை என்சைம்கள் கார்பபெனெமை மெதுவாகவே உடைக்கும். அமிலம் போதாமல் நிறம் மாறாமலே இருந்துவிடலாம். இந்தியாவில் அந்த வகை தாராளமாகப் பரவியிருக்கிறது. மருந்தை உடைக்காமல், உள்ளே விடாமல் தடுத்தோ வெளியே தள்ளியோ தப்பிக்கும் கிருமிகளையும் இந்தச் சோதனை காணாது. மஞ்சளானால் நம்பலாம், சிவப்பாகவே நின்றால் நிம்மதி கொள்ளக் கூடாது.

இந்த இடைவெளியை வாசனையால் நிரப்பப் பார்க்கிறார்கள். வாயுக்கள் பட்டால் நிறம் மாறும் சாயப் புள்ளிகளின் வரிசையை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கென்னத் சஸ்லிக் 2000-இல் உருவாக்கிக் காட்டினார். அதன் வழியில் வந்த ‘ரிவீல்’ கருவியில் ஒவ்வொரு குழியிலும் ஒரு மருந்து, ஓர் அளவு. மேலே சாயப் புள்ளிகள். மருந்தை மீறி வளரும் பாக்டீரியா வாயுக்களை விட்டுக்கொண்டே இருக்கும், புள்ளிகள் நிறம் மாறும். எந்த வழியில் தப்பித்தது என்று தெரிய வேண்டியதில்லை. பாட்டிலில் கிருமி தெரிந்ததிலிருந்து சுமார் ஆறு மணி நேரத்தில் விடை.

இரண்டில் எதை நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு முதலில் கேட்பேன் என்றால், கார்பா என்.பி.யைத்தான். பெரிய கருவி வேண்டாம், லேபில் ஏற்கெனவே இருக்கும் இன்குபேட்டர் போதும். மஞ்சளானால் அன்று மாலையே நோயாளியைத் தனி அறைக்கு மாற்றலாம். பக்கத்துக் கட்டிலுக்குக் கிருமி தாவுவதைத் தடுக்கலாம்.

ஆனால் இந்த இரண்டில் எதுவும் கல்ச்சர் இல்லாமல் தொடங்காது. உறவினர் யாராவது காய்ச்சல் முற்றி ஐ.சி.யூ.வில் சேர்ந்தால், ஆன்டிபயாடிக் ஏற்றுமுன் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். சில நிமிட வேலைதான், மருந்து அதனால் தள்ளிப்போகாது.

அடுத்த வாரம், கல்ச்சருக்கே காத்திராமல் சிறுநீரிலிருந்து நேரடியாக 45 நிமிடத்தில் விடை சொல்லி, 2024-இல் லாஞ்சிட்யூட் பரிசு வென்ற கருவியைப் பார்ப்போம்.

(தொடரும்)