கலங்கல் கடலில் பிறக்கும் பவளம்

பவளம் என்றாலே கண்ணாடி போன்ற நீர்தான் நினைவுக்கு வரும். சிங்கப்பூரின் தென்தீவுகளில் முக்குளிப்பவர்களுக்கோ பல நாள்களில் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. பல பத்தாண்டுகளாகக் கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் பவளப் பரப்பின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் போனது. கிளம்பிய வண்டல் மிஞ்சியதன் மேல் படிகிறது. அங்கே இன்றும் ஏறத்தாழ 250 வகைக் கல்பவளங்கள் உயிரோடிருப்பது எனக்குத் தீராத வியப்பு.

பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெயிலைக் கொண்டு அதற்கு உணவு ஆக்கித் தருகிறது. கலங்கல் அந்த வெயிலை மறைப்பதால் ஆழத்தில் பவளம் அருகிவிடுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் வளர்ந்த பவளம் சமாளித்துக்கொள்ளும். வழவழப்பான சளியைச் சுரந்து, நுண்மயிர்களால் மண்ணைத் தள்ளிவிடும். சில வகைகள் உடலை உப்பவைத்து உதறும். வெயில் குறைந்த நாள்களில் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும்.

இனப்பெருக்கமும் நிற்கவில்லை. சிங்கப்பூரில் ஏப்ரல் பௌர்ணமி கழிந்த மூன்றாம் இரவிலிருந்து ஐந்தாம் இரவுக்குள் பல வகைப் பவளங்கள் ஒருசேர முட்டையும் விந்தும் அடங்கிய சிறு உருண்டைகளை விடுவிக்கின்றன. கொழுப்பு மிகுந்த அவை மேலே மிதந்து உடைகின்றன; ஒரு கூட்டத்தின் முட்டை பெரும்பாலும் இன்னொரு கூட்டத்தின் விந்தால்தான் கருவாகும். ஆளுக்கொரு நாள் விட்டால் துணை கிடைக்காது. எல்லாம் அந்தச் சில இரவுகளுக்குள் விடுவதால், மீன்கள் தின்றது போகவும் மிஞ்சும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1980-களின் தொடக்கத்தில் இந்தக் கூட்டு முட்டையிடுதலை ஆய்வாளர்கள் கண்டறிந்த இடங்களில் ஒன்றான மேக்னடிக் தீவும் கரையோரக் கலங்கல் நீரில்தான் இருக்கிறது.

கருவான லார்வா சில நாள் மிதந்தபின் தரை தேடுகிறது. ஊசிமுனை அளவே உள்ள அதற்குச் சளியும் உதறலும் கைகொடுக்காது. இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படர்ந்த சுத்தமான கல் வேண்டும். மெல்லிய வண்டல் படலமே அதை ஒட்டவிடாமல் தடுத்துவிடும். அதனால் பாறையின் பக்கச்சுவரிலும் அடிப்புறத்திலும் இடம் பிடிப்பவையே அதிகம் தப்புகின்றன.

தாய்ப்பவளம் தழைத்திருப்பதைப் பார்த்து, திட்டு நலமாயிருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. லார்வா ஒட்டாவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் வண்டலைக் கிளப்பும் பெரிய தூர்வாரும் பணிகளுக்கு அனுமதி தரும்போது, பவளம் முட்டையிடும் நாள்களில் வேலையை நிறுத்திவைக்க நிபந்தனை விதிக்கிறார்கள். பவளமுள்ள கரைகளில் துறைமுகம் கட்டும் எல்லா நாடுகளும் அந்தச் சில நாள்களையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.